கம்ப்யூட்டர் கண் மூடினால் கணக்கு போய்விடுமா?



நாங்கள் படித்தது பள்ளிக்கூடப் படிப்பு மட்டுமே. பேரேடும் சிட்டாவும் எழுதிப் பழகிய கை இது. ஆகவே கம்ப்யூட்டர் பற்றி நாங்கள் எழுதுவதைப் பார்த்துச் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் 2023ஆம் ஆண்டு கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரத்தில் எங்கள் மொத்த வியாபாரக் கணக்கும் ஒரு கறுப்புத் திரைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது. அந்த ஐந்து நாட்களில் கற்றுக்கொண்டதை நம் சங்கத்துச் சகோதரர்களுக்குச் சொல்லாமல் இருப்பது முறையாகாது.

நடந்தது என்ன?

எங்கள் கடை செங்கம் சாலையில், ரமணாசிரமம் பகுதியில் இருக்கிறது. டீக்கடைகள், சிறு மளிகைக் கடைகள், மெஸ்கள், அன்னதானம் போடும் குழுவினர் என்று நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கடனுக்குச் சரக்கு கொடுத்து வருகிறோம். பாக்கி விவரம் முழுவதும் கம்ப்யூட்டரில்.

அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் பேரன் கல்லூரி நாட்களில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமிங் லேப்டாப். இரண்டு செங்கலை அடுக்கி வைத்தது போன்ற கனம். வேலை கிடைத்து அவன் பெங்களூர் போனதும், "இவ்வளவு விலை கொடுத்து வாங்கியது வீணாக வேண்டாமே" என்று 2022இல் குடோன் மேஜையில் வைத்துவிட்டோம். வியாபாரிக்கே உரிய சிக்கன புத்தி! விளையாட்டுக்குச் செய்த இயந்திரத்தைத் தகரக் கூரைக்குக் கீழே, மிளகாய்த்தூளும் மாவும் பறக்கும் இடத்தில், காலை முதல் இரவு வரை ஓட்டினோம். பந்தயக் குதிரையை மூட்டை வண்டியில் பூட்டியது போலத்தான்.

2023 அக்டோபரில் திரையில் கோடு கோடாக வந்தது. சூடு ஏறினால் தானே அணைந்துவிடும். ஆற வைத்து மறுபடி போட்டுக்கொண்டோம். தீபாவளி முடிந்து இரண்டாம் நாள், நவம்பர் 14 காலையில் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு.

17ஆம் தேதி கொடியேற்றம், 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர். 3பி கடைசி நாள், 26ஆம் தேதி மகாதீபம். எங்கள் நிலைமையை விளக்கத் தேவையில்லை.

ரிப்பேர் செய்யும் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். "கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சு ஐயா. கழட்டிட்டா உள்ளே இருக்கிற இன்னொண்ணுல ஓடும்" என்றார். கழற்றினார். விளக்கு வந்தது, ஃபேன் ஒரு மூச்சு சுற்றியது, 'பீப்' சத்தம் கொடுத்து அணைந்தது. இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "மதர்போர்டும் போச்சு. டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணி வேற மிஷின்ல போட்டுத் தர்றேன்" என்றார்.

நல்ல வேளையாக அன்று இரவு பேரனுக்குப் போன் போட்டோம். அவன் பதறிவிட்டான். "தாத்தா, டிஸ்க்கில் யாரும் கை வைக்க வேண்டாம். நான் சனிக்கிழமை வர்றேன்" என்றான். அந்த ஒரு வார்த்தைதான் எங்களைக் காப்பாற்றியது. ஃபார்மேட் என்றால் பேரேட்டை அழித்து வெறும் தாளாக்குவது என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

கார்டு இல்லாவிட்டால் ஏன் ஓடவில்லை?

பேரன் எங்களுக்குக் கடை பாஷையில் விளக்கியதை அப்படியே தருகிறோம்.

கம்ப்யூட்டரில் பிராசஸர் என்பது கணக்குப் போடும் முதலாளி. ராம் என்பது அவர் முன்னால் உள்ள மேஜை. விளக்கு அணைந்தால் மேஜை காலி. ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. என்பது பேரேடு வைத்த பெட்டி. விளக்கு அணைந்தாலும் எழுதியது இருக்கும். கிராபிக்ஸ் கார்டு என்பது முதலாளி சொல்வதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும் ஆள். அந்த ஆள் விழுந்துவிட்டால் முதலாளி உள்ளே விழித்திருப்பார், பெட்டியும் பத்திரமாக இருக்கும். வெளியே நிற்கும் நமக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

இப்போது பெரும்பாலான லேப்டாப்களில் பிராசஸருக்குள்ளேயே படம் காட்டும் சக்தி சிறிதளவு உண்டு. என்விடியா கம்பெனி 2010இல் கொண்டுவந்த ஆப்டிமஸ் என்ற முறையில், திரைக்குப் போகும் கம்பி பிராசஸரிலிருந்துதான் புறப்படும். கிராபிக்ஸ் கார்டு பின்னால் இருந்து உதவி செய்யும் கூலியாள். அத்தகைய இயந்திரத்தில் கார்டு சும்மா இருந்தாலும் படம் வரும்.

ஆனால் எல்லா லேப்டாப்பும் அப்படி அல்ல. சில கேமிங் மாடல்களில் திரைக் கம்பி நேரே கிராபிக்ஸ் கார்டிலிருந்து போகிறது. பிராசஸருக்குள் படம் காட்டும் பகுதி இருந்தாலும் அதற்கும் திரைக்கும் பாதையே போடப்பட்டிருக்காது. எங்கள் லேப்டாப் அந்த ரகம். இதில் கார்டைக் கழற்றுவது, கடையின் ஒரே வாசலைச் சுவர் வைத்து அடைப்பதற்குச் சமம்.

இன்னொரு காரணமும் உண்டு. பட்டனை அழுத்தியதும் முதலில் எழுவது பயாஸ் என்ற சிறு புரோகிராம். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ராம் வந்தாயா, ஃபேன் வந்தாயா, கார்டு வந்தாயா என்று பெயர் கூப்பிடுகிறது. கட்டாயம் இருக்க வேண்டிய ஆள் இல்லை என்றால் சில மாடல்கள் 'பீப்' அடித்துவிட்டு ஷட்டரை இறக்கிவிடும். கார்டோடு சேர்த்து அதன் ஃபேனையும் கழற்றிவிட்டால், ஃபேன் இல்லை என்றும் மறுக்கலாம். எத்தனை 'பீப்' என்றால் என்ன குறை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த மாடலின் கையேட்டைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

ஆக, கார்டைக் கழற்றிய பிறகு வந்த 'பீப்' சத்தத்தை மதர்போர்டின் மரண ஓலம் என்று எடுத்துக்கொண்டது தவறு. ஆள் வரவில்லை என்று மேஸ்திரி குரல் கொடுத்தார், அவ்வளவுதான்.

கழற்றி மாட்டும் எம்.எக்ஸ்.எம். வகைக் கார்டு பெரும்பாலும் பழைய, பெரிய லேப்டாப்களில் காணப்படும். மற்றவற்றில் கிராபிக்ஸ் சில்லு போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றும் பேச்சுக்கே இடமில்லை.

இது நம்மைப் போன்ற சிறியவர்களுக்கு மட்டும் வரும் கஷ்டமும் அல்ல. லேப்டாப்பில் போட்ட சில வகைக் கிராபிக்ஸ் சில்லுகள் அளவுக்கு மீறிப் பழுதானதால், 2008 ஜூலையில் என்விடியா 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை செலவுக்கு ஒதுக்குவதாக அறிவித்தது. ஆப்பிள் கம்பெனி 2011 முதல் 2013 வரை விற்ற சில மேக்புக் ப்ரோ மாடல்களில் திரை கோடு விழுவதும் இயந்திரம் எழாமல் போவதுமாக இருந்ததால், 2015 பிப்ரவரியில் இலவச ரிப்பேர் திட்டம் கொண்டுவந்தது. சூடாவதும் ஆறுவதுமாக இருக்கும் சில்லின் அடியில் உள்ள நுண்ணிய ஈயப் பற்றுகள் விட்டுப்போவது இத்தகைய பழுதுகளுக்கு முக்கியமான காரணம்.

திரை கறுத்தால் எந்த வரிசையில் பார்ப்பது?

அவசரப்பட்டு ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கக் கூடாது. செலவில்லாதது முதலில், கழற்றுவது கடைசியில் என்பதே முறை.

1. சார்ஜர்: கேமிங் லேப்டாப்புக்கு 180, 230, சிலவற்றுக்கு 330 வாட் வரை சார்ஜர் தேவைப்படும். அதன் சொந்தச் சார்ஜரை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல், சுவர் பிளக்கில் நேராகப் போட்டுப் பாருங்கள்.

2. மிச்ச மின்சாரம்: சார்ஜரை எடுத்துவிடுங்கள். பேட்டரி வெளியே எடுக்கும் வகையானால் அதையும் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜர் மட்டும் போட்டு முயலுங்கள். பல சமயம் இதிலேயே எழுந்துவிடும்.

3. கேப்ஸ் லாக் விசை: அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியானால் இயந்திரம் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது, படம் மட்டும் வரவில்லை.

4. டார்ச் விளக்கு: திரையின் மீது சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் கிராபிக்ஸ் கார்டு நன்றாக இருக்கிறது. திரையின் பின் விளக்குதான் போயிருக்கிறது. செலவும் குறைவு.

5. வெளித் திரை: வீட்டு டி.வி.யை எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணையுங்கள். டி.வி.யில் படம் வந்தால் பழுது திரையிலோ திரைக் கம்பியிலோதான். வராவிட்டாலும் முடிவு கட்ட வேண்டாம். பல கேமிங் லேப்டாப்களில் எச்.டி.எம்.ஐ. துளையும் அதே கார்டிலிருந்துதான் வருகிறது.

6. ராம்: இனிமேல் திறந்து பார்க்கும் வேலை, தெரிந்தவர் செய்யட்டும். ராம் சரியாக உட்காராவிட்டாலும் இதே கறுப்புத் திரைதான். ஒன்றொன்றாக எடுத்து, துடைத்து, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

7. பயாஸ் அமைப்பு: புதிய கேமிங் லேப்டாப் சிலவற்றில் படம் கார்டு வழியாக மட்டும் வரட்டும் என்று ஓர் அமைப்பு உண்டு. அப்படி வைத்திருக்கும்போது கார்டு படுத்தால் திரை கறுத்துவிடும். சில மாடல்களில் பயாஸ் அமைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் பிராசஸர் வழியாகப் படம் திரும்பும்.

8. கார்டு: கழற்றும் வகையானால் எடுத்து, தூசி தட்டி, முனைகளைத் துடைத்து, மறுபடி அழுத்தமாக மாட்ட வேண்டும். காய்ந்துபோன வெப்பப் பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். கார்டு இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது, அந்த மாடல் அப்படி ஓடும் என்று கையேட்டில் பார்த்த பிறகே.

ஹீட் கன் வைத்துச் சூடு காட்டி கார்டுக்கு உயிர் கொடுப்பவர்கள் உண்டு. சில நாளோ சில வாரமோ ஓடும், மறுபடி படுத்துவிடும். கணக்கை நகல் எடுக்கும் வரை உயிர் வேண்டும் என்றால் சரி. நம்பி வியாபாரம் செய்யக் கூடாது.

பெட்டியைத் தனியே எடுத்தோம்

18ஆம் தேதி சனிக்கிழமை பேரன் வந்தான். இயந்திரத்தை எழுப்பும் முயற்சியை அவன் முதலில் செய்யவில்லை. டிஸ்க்கைக் கழற்றி, ஒரு சிறு யு.எஸ்.பி. பெட்டியில் போட்டு, தன்னுடைய லேப்டாப்பில் செருகினான். ஐந்து நிமிடத்தில் எங்கள் கணக்கு முழுவதும் அவன் திரையில் வரிசையாக நின்றது. ஒரு எழுத்துக் குறையவில்லை. உடனே இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்தான். 20ஆம் தேதி ரிட்டர்ன் போட்டுவிட்டோம். தவறியிருந்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், செலுத்த வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்பது தாங்கள் அறிந்ததே.

பிறகுதான் லேப்டாப்பைப் பார்த்தான். காற்றுப் போகும் வழியில் மாவும் மிளகாய்த்தூளும் சேர்ந்து கம்பளி போல அடைத்திருந்தது. சுத்தம் செய்து, பசை வைத்து, கழற்றிய கார்டை மறுபடி மாட்டினான். எழுந்துவிட்டது! திரையில் கோடுகள் இருந்தன, ஆனால் எழுந்தது. அப்படியானால் மதர்போர்டு போகவில்லை என்றுதானே பொருள்? கார்டு நோயாளிதான், மூன்று நாளில் அது ஓய்ந்துவிட்டது. பழைய கார்டு சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கலாம் என்றான். நாங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஓர் எச்சரிக்கை. எங்கள் டிஸ்க் பூட்டப்படாத பழைய டிஸ்க். இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறிடத்தில் போட்டாலும், சில சமயம் பயாஸ் அமைப்பை மாற்றினாலும், 48 இலக்கச் சாவி எண் கேட்கும். லேப்டாப்பை முதலில் தயார் செய்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கும். நல்ல நிலையில் இருக்கும்போதே அதை எழுதி இரும்புப் பெட்டியில் வையுங்கள். அந்த எண் தொலைந்தால் டிஸ்க் பத்திரமாக இருந்தும் பயனில்லை.

சொல்லக் கூச்சப்படும் ஒரு விஷயம்

அந்த ஐந்து நாளும் நினைவை வைத்தும் கிடைத்த துண்டுச் சீட்டுகளை வைத்தும் பாக்கி வசூலித்தோம். கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள், தீபத்துக்காகச் சர்க்கரையும் டீத்தூளும் கேட்டு வந்தார். பழைய பாக்கி 3,400 ரூபாயைக் கட்டினால்தான் சரக்கு என்றோம். "தீபாவளிக்கு முந்தின நாளே குடுத்தேனே ஐயா" என்றார். ரசீது இருக்கிறதா என்று கேட்டோம். இல்லை. நாங்கள்தான் ரசீது கொடுப்பதை நிறுத்திவிட்டோமே, எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறதென்று! கூட்டம் வரும் நாளில் சரக்கு இல்லாமல் கடை திறக்க முடியாது. அவர் வாதாடவில்லை. போய் யாரிடமோ கைமாற்று வாங்கி வந்து கட்டினார்.

சனிக்கிழமை மாலை கணக்கு திறந்தபோது நாங்கள் முதலில் தேடியது அவர் பெயரைத்தான். நவம்பர் 11, வரவு 3,400 என்று இருந்தது. பையன் சரியாகவே ஏற்றியிருந்தான்.

மறுநாள் காலையில் நாங்களே நேரில் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல ஐயா, மிஷின் ரிப்பேர்தானே" என்றார். மிஷின் மீது பழி போட அவர் இடம் கொடுத்தார். அதை ஏற்றுக்கொள்ள எங்கள் மனம் இடம் கொடுக்கவில்லை. இத்தனை வருஷ வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லை விட ஒரு கறுப்புத் திரையை நம்பியது எங்கள் குற்றம்.

இனி நாம் செய்ய வேண்டியவை

வாங்கும்போது: பில் போட, பேரேடு பார்க்க, ரிட்டர்ன் போட கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. பிராசஸருக்குள்ளேயே படம் வரும் சாதாரண கம்ப்யூட்டர் போதும். செகண்ட் ஹேண்டில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் வாங்கும்போது பிராசஸர் எண்ணைக் கேளுங்கள். இன்டெல் ஐ5-10400எஃப், 12400எஃப் என்பது போல எண்ணின் கடைசியில் 'எஃப்' வந்தால் அதற்குள் படம் காட்டும் பகுதி கிடையாது. ஏ.எம்.டி. ரைசன் 5 3600, 5600 ஆகியவையும் அப்படியே. கார்டு படுத்த அன்று அந்தக் கம்ப்யூட்டரும் குருடு.

கையில் கேமிங் லேப்டாப் இருந்தால்: நன்றாக ஓடும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியைப் பாருங்கள். ஜி.பி.யு. 0, ஜி.பி.யு. 1 என்று இரண்டு தெரிந்தால் ஓரளவு நிம்மதி. ஒன்றே ஒன்று, அதுவும் தனிக் கார்டின் பெயரில் தெரிந்தால், ஒற்றை ஆளை நம்பிக் கடை நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வைக்கும் இடம்: மாவு, மிளகாய், கயிறு, சாக்குத் தூசி பக்கத்தில் வேண்டாம். காற்றுத் துளைகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யுங்கள். திரையில் கோடு விழுந்தாலோ சூட்டில் தானே அணைந்தாலோ அன்றே நகல் எடுங்கள். எங்களுக்கு ஒரு மாதம் முன்பே எச்சரிக்கை வந்தது. நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நகல்: இரண்டு பென் டிரைவ். ஒற்றைப்படைத் தேதிக்கு ஒன்று, இரட்டைப்படைத் தேதிக்கு ஒன்று. ஒன்று கடையில் இருந்தால் மற்றொன்று வீட்டில். மாதம் ஒரு முறை அந்த நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலே அல்ல. ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டம் சொல்கிறது. எந்த லேப்டாப் அத்தனை நாள் தாங்கும் என்று யாரால் உத்தரவாதம் தர முடியும்?

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது: டிஸ்க்கை நம்மிடம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால், "எங்களைக் கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது" என்று வேலைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும்.

காகிதம்: பணம் வாங்கினால் கையால் எழுதிய ரசீது. மாதக் கடைசியில் ஒவ்வொரு பார்ட்டிக்கும் பாக்கிச் சீட்டு அச்சிட்டு ஒரு நகலைக் கோப்பில் வைக்கிறோம்.

இப்போது எங்கள் குடோன் மேஜையில் கார்டு இல்லாத சாதாரண டெஸ்க்டாப் ஓடுகிறது. பக்கத்தில் ரசீதுப் புத்தகமும் பழையபடி வந்துவிட்டது. அந்த அம்மாள் இன்றும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார். பணம் கட்டியதும் ரசீதுக்காகக் கொஞ்சம் நின்று வாங்கிக்கொண்டு போகிறார். நாங்களும் முதலில் ரசீதை எழுதிவிட்டு, அப்புறம்தான் பணத்தைப் பெட்டியில் போடுகிறோம்.